ஒரு மிடறு கடல்தண்ணீர்

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குக் கயிறு இழுக்கிறவர்களைத்தான் தெரியும். பக்கத்துக்கு இருபது பேர் வரிசையாக நின்று, மணலில் குதிக்காலை ஊன்றிப் பின்பக்கமாக நடப்பார்கள். ஆனால் கூட்டத்தில் ஒருவன் கரையில் நிற்பதில்லை. வலையின் கடைசியில் பெரிய பை போல வரும் மடிக்குப் பின்னால் அவன் நீந்திவர வேண்டும். மடி கடலடிப் பாறையான பாரில் சிக்கினால் மூழ்கி எடுத்துவிட வேண்டும். மீன் நிறைந்தால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். மடி கரையைத் தொட்ட பிறகுதான் அவனுக்குக் கரை.

முல்லைத்தீவுக்குத் தெற்கே புன்னைமுனையில் பதினாறு வருடம் இந்த வேலையைச் செய்தவன் மரியநேசன். குள்ளமான ஆள், அகன்ற நெஞ்சு, உப்பும் வெயிலும் தின்று செம்பட்டையாகிப்போன தலைமயிர். தகப்பனுக்கும் இதே வேலைதான். தகப்பன் ஒரு சோளகக் காற்றுக் காலத்தில் கடலுக்குள் போய் வராமல் விட்டபோது மகனுக்கு வயது ஒன்பது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாது. கோயில் செபமந்திரங்கள் எல்லாம் காதால் கேட்டு மனப்பாடம்.

கடலுக்கு அவன் பயந்ததில்லை. சுறாவை வாலைப் பார்த்து இனம் சொல்லுவான். அப்படிப்பட்டவன் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, பாஸ்கு என்ற உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய தபசு காலத்தில் இருபத்தாறு நாள், ஒரு மிடறு தண்ணீருக்குப் பயந்து செத்துப் பிழைத்தான். பயம் அவனுக்குள் தானாக முளைக்கவில்லை. அதை அவனுக்கு ஊட்டினார்கள்.

புன்னைமுனைக் கோயிலுக்கு நிரந்தரமாகச் சுவாமியார் இல்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை முல்லைத்தீவிலிருந்து வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், இன்னது பாவம் இன்னது பாவமில்லை என்று சொல்வதும் மத்தேயு உபதேசியார். அறுபது வயது, மெலிந்த உடம்பு. கோயில் கொடுக்கும் சம்பளத்தில் அரை மாதம்கூட ஓடாது. மீதி நாட்களுக்குச் சாப்பாடு வலைச்சொந்தக்காரர் சூசைப்பிள்ளை சம்மாட்டி வீட்டில்.

தபசு காலத்துக்கென்று ஊரில் சில வழக்கங்கள் இருந்தன. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை. வீட்டுக்கு வீடு பிடியரிசிப் பானை: உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து அதில் போடுவார்கள், பெரிய வெள்ளியன்று அந்த அரிசியில் கோயில் முற்றத்தில் கஞ்சி காய்ச்சி இல்லாதவர்களுக்கு ஊற்றுவார்கள். கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒருசந்தி, அதாவது ஒரு நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடு. சூசைப்பிள்ளை சம்மாட்டியும் ஒருசந்தி பிடித்தார். நண்பகலில் விளைமீன் குழம்போடும் நான்கு கறியோடும் அந்த ஒரு நேரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பொழுதுபடும் வரை சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார்.

இன்னொரு வழக்கம் கோயில் வலை. தபசு காலத்தில் வரும் மாத முதல் வெள்ளியன்று விடியற்காலையில் இழுக்கும் வலை கோயிலுக்கு. அன்றைய மீனுக்கு யாரும் பங்கு கேட்கக்கூடாது. பூசை முடிவில் சுவாமியார் காணிக்கை தந்தவரின் பெயரைச் சொல்லுவார். சொல்லப்படும் பெயர் சூசைப்பிள்ளை. இழுத்த நாற்பது பேரின் பெயரைச் சொல்ல நேரம் போதாது.

அந்த வருடம் கோயில் வலை விழுந்தது பங்குனி ஆறாம் திகதி. தபசு காலம் என்றபடியால் வழக்கமாக வலை இழுக்கப் பாடும் அம்பாப் பாட்டு இல்லை. அதற்குப் பதிலாக மாதாவின் பிரியதத்த மந்திரத்தைச் சொல்லிச்சொல்லி இழுத்தார்கள். கயிற்றின் கடைசியில் நின்ற யோகலிங்கம் முள்ளியவளைச் சைவன். வயல் வேலை இல்லாத மாதங்களில் கரைக்கு வருவான். அவனும் பிழையில்லாமல் சொல்லி இழுத்தான்.

"உன்ரை பிள்ளையார் கோவிக்கமாட்டாரோடா?" என்று பக்கத்தில் நின்றவன் கேட்டான்.

"அவருக்கு மீன் ஆகாது. அதாலை இஞ்சாலைப் பக்கம் வாறேல்லை," என்றான் யோகலிங்கம்.

மடி கரைக்கு நூறு பாகம் இருக்கும்போது, கிழக்கு வெளுத்து வெள்ளாப்பு வந்துகொண்டிருந்த நேரம், குழகுழவென்று மிதக்கும் ஒரு சொறிமுட்டை தன் நஞ்சுத் தும்புகளால் மரியநேசனின் கழுத்தைச் சுற்றி இழுத்தது. சூடு போட்டது போல இருந்திருக்கும். வாயைத் திறந்தான். அலை உள்ளே போயிற்று. இருமினான், துப்பினான், நீந்தினான். பதினாறு வருடத்தில் ஆயிரம் முறை நடந்ததுதான்.

மடி நிறையப் பாரை மீன். மரியநேசன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, மனைவி புனிதமலரோடும் மூன்று பிள்ளைகளோடும் கோயிலுக்குப் போனான். பூசை கண்டு, நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்கி நன்மை எடுத்தான். சுவாமியாருக்கு அன்று பத்து மணிக்கு இன்னொரு ஊரில் பூசை. திருவுடையைக் கழற்றியதும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பூசைக்குப் பிறகு கோயில் பூவரசுக்குக் கீழே ஆண்கள் நின்றார்கள். யோகலிங்கம் தேத்தண்ணி நீட்டினான்.

"வேண்டாமடாப்பா," என்றான் மரியநேசன். "விடிய ஒரு சொறி இழுத்த இழுவையிலை அரைவாசிக் கடலைக் குடிச்சுப்போட்டன். வயிறு ரொம்பிக் கிடக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை.

"எத்தினை மணிக்கு?"

"என்ன உபதேசியார்?"

"குடிச்சது எத்தினை மணிக்கு எண்டு கேட்டன்."

"மடி கிட்ட வரேக்கை. வெள்ளாப்பிலை."

"விழுங்கினனியோ துப்பினனியோ?"

"துப்பினன்... பாதி துப்பினன்."

"மற்றப் பாதி?"

மரியநேசனுக்கு அப்போதுதான் விளங்கியது. நடுச்சாமத்துக்குப் பிறகு வாயில் ஒன்றும் படாமல் இருந்துதான் நன்மை எடுக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. சின்ன வயதிலிருந்து இதே உபதேசியார் பிரம்போடு நின்று படிப்பித்தது. தெரிந்துகொண்டு மீறினால் அது அற்ப பாவமில்லை, சாவான பாவம். அதோடு செத்தால் நேரே நரகம்.

"வேணுமெண்டு குடிக்கேல்லை உபதேசியார். மறந்துபோனன்."

"மறந்தனீ. விழுங்கினதை மறந்து போய் ஆண்டவரை நாக்கிலை வாங்கினனீ." உபதேசியாரின் குரல் உயரவில்லை. அவர் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார். "என்ரை அப்பு காலத்திலை ஒருத்தன் இப்பிடித்தான். காலமை கள்ளுக் குடிச்சிட்டு நன்மைக்குப் போனவன். பத்தாம் நாள் கடல் கொண்டு போச்சு. பிரேதம் ஒதுங்கேக்கை வாய்க்குள்ளை நாக்கு இல்லை."

கடலில் கிடந்த பிரேதத்தில் முதலில் போவது நாக்கும் கண்ணும்தான், மீன் தின்றுவிடும். மீன்பிடிக்கிற எவனுக்கும் இது தெரியும். மரியநேசனே அப்படி இரண்டு பிரேதங்களைத் தூக்கியிருக்கிறான். அன்று அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. பயந்தவனிடம் இருந்து முதலில் பறிபோவது அவனுக்குத் தெரிந்த விஷயங்கள்தான்.

"இப்ப என்ன செய்ய உபதேசியார்?"

"சுவாமியிட்டைப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். சுவாமி இனிப் பெரிய கிழமைக்குத்தான் வருவார். அதுவரைக்கும்..." உபதேசியார் கடலைப் பார்த்தார். "அதுவரைக்கும் கவனமாயிரு."

இதுதான் அவனைப் பிடித்த கிடுக்கி. பாவப்பொறுத்தல் கொடுக்கச் சுவாமியார் வேண்டும். சுவாமியார் வர நாலு கிழமை. அந்த நாலு கிழமையும் அவன் தினமும் கடலுக்குள் இறங்க வேண்டும். இதுவரை சாவு என்பது மனைவி பிள்ளைகளை விட்டுப் போவது. இப்போது அதற்குப் பின்னால் இன்னொன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. சுவாமியார் வரும்வரை சாகக்கூடாது. அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இடையில் செத்தாலும் தப்ப ஒரு வழி உண்டென்று ஞானோபதேசத்தில் படித்திருந்தான். உத்தம மனஸ்தாபம், அதாவது பாவத்துக்காகக் குறையில்லாத மனவருத்தம், பட்டால் போதும். ஆனால் அது ஆண்டவர்மேல் உள்ள அன்பினால் வரவேண்டும்; நரகத்துக்குப் பயந்து அழுதால் அது உத்தமமில்லை. மரியநேசன் ஒவ்வொரு இரவும் தன்னைச் சோதித்துப் பார்த்தான். அன்பினால் அழுகிறேனா, பயத்தினால் அழுகிறேனா? பயத்தினால்தான். அது தெரிந்தபோது இன்னும் பயந்தான். இப்படி ஒரு பூட்டைச் செய்து எழுத்தறியாத மனிதனின் கழுத்தில் மாட்டியவர்கள் படித்தவர்கள்.

அடுத்த நாள் சம்மாட்டியிடம் போனான்.

"சம்மாட்டியார், பாஸ்கு வரைக்கும் நான் கயிற்றிலை நிக்கிறன். மடிக்கு வேறை ஆரையும் விடுங்கோ."

சூசைப்பிள்ளை சிரித்தார். "ஏன், கடல் கசக்குதோ?"

"உடம்பு சரியில்லை."

"உடம்பு சரியில்லாட்டில் வீட்டிலை கிட. மடிக்கு நான் வேறை ஆளைப் பிடிச்சால், பாஸ்குவுக்குப் பிறகும் அவன்தான். உனக்குக் கயிற்றிலையும் இடம் கிடையாது. யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. மூன்று பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, கரை வழியாகப் பன்னிரண்டு மைல் நடந்து, ஆற்றுவாயைத் தோணியில் கடந்து முல்லைத்தீவுக்குப் போனான். சுவாமியார் தங்கும் மீசாம் வீட்டுக் குசினியில் சமையற்காரன் மட்டும் இருந்தான்.

"சுவாமி காட்டூருகளுக்குப் போட்டார். அங்கையும் பாவசங்கீர்த்தனம் கேக்கவேணுமெல்லோ."

"எப்ப வருவார்?"

"வருவார், உடனை போவார். ஆருக்குத் தெரியும்? உங்கடை ஊருக்குப் பெரிய கிழமை புதன் எண்டு எழுதி ஒட்டிக் கிடக்கு." சமையற்காரன் அவனைக் கூர்ந்து பார்த்தான். "ஆரும் சாகக் கிடக்கினமோ?"

"இல்லை," என்றான் மரியநேசன். பிறகு, "தெரியாது," என்றான்.

அன்று திரும்பி வரும்போது அலை ஈரம் படாத மேட்டு மணலிலேயே நடந்து வந்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்தவை எல்லாம் உயிரைக் காப்பாற்றச் செய்தவை. எல்லாமே உயிரைக் குறைத்தன. தண்டனை கொஞ்சம் குறையட்டும் என்று தினமும் ஒருசந்தி பிடித்தான். மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, வேறொன்றும் இல்லை. அந்தச் சோற்றிலும் பாதியைப் புனிதமலர் உலை வைக்கும் முன்பே அரிசியாக அள்ளிப் பிடியரிசிப் பானையில் போட்டான்.

"இஞ்சாருங்கோ, பிடியரிசி எண்டால் ஒரு பிடி," என்றாள் புனிதமலர். "நீங்கள் சுண்டுச் சுண்டாய் அள்ளுறியள். ஊருக்கெல்லாம் நாங்களே கஞ்சி காய்ச்சிறதோ?"

"கிடக்கட்டும்."

"என்ன கிடக்கட்டும்? உங்கடை விலா எலும்பிலை கிறேஸ் எண்ணிக்கை படிக்கிறாள்."

கடைக்குட்டி கிறேஸ் உண்மையில் அவனுடைய நெஞ்சில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் பிள்ளையை மெதுவாக இறக்கிவிட்டான்.

கடுமையான உடல்வேலை செய்கிறவர்களுக்கு ஒருசந்திக் கடமையே இல்லை என்பது திருச்சபையின் சட்டம். கடலில் நீந்துகிறவனுக்கும் கயிறு இழுக்கிறவனுக்கும் விலக்கு எழுத்தில் இருந்தது. புன்னைமுனையில் அதை யாரும் அவர்களிடம் வாசித்துக் காட்டியதில்லை. கட்டளைகள் மட்டும் பன்னிரண்டு மைல் நடந்து வந்துவிடும். விலக்குகளுக்குக் கால் இல்லை.

அடுத்ததாக அவன் வாயைக் கட்டினான். பழைய சாறத்துண்டு ஒன்றை மடித்து வாயைச் சுற்றிப் பிடரியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினான். நன்மை எடுக்காத நாட்களில் தண்ணீர் விழுங்கினால் ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பயத்துக்கு நாட்காட்டி கிடையாது. கடல் இனி வாய்க்குள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

"மரியண்ணை கலியாணப் பொம்பிளை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு இறங்குது," என்றான் யோகலிங்கம். கூட்டம் சிரித்தது. மரியநேசனின் கண்களைப் பார்த்ததும் யோகலிங்கம் நிறுத்திக்கொண்டான். "என்னண்ணை, பல்லுக் கொதியோ?"

மரியநேசன் தலையை ஆட்டினான். அது ஓமா இல்லையா என்று விளங்கவில்லை.

மூன்றாவது கிழமை புனிதமலரிடம் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். "கடல்தண்ணி தானே? நீங்கள் குடியாத கடலோ?" என்றாள். பிறகு உபதேசியார் சொன்ன நாக்கில்லாத பிரேதத்தின் கதையைச் சொன்னான். அவள் சிரிப்பு நின்றது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு வந்து நின்றாள். கடலில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும் அவன் தலையை எண்ணிக்கொண்டிருந்தாள். மேலே, கீழே, மேலே. கீழே போனபோதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒருவனுக்கு ஊட்டிய பயம் இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

குருத்தோலை ஞாயிறு கழிந்தது. இன்னும் மூன்று நாள். திங்கட்கிழமை காலை மடி பாரில் சிக்கியது.

மரியநேசன் மூழ்கினான். கல்லில் மாட்டிய கண்ணியை எடுத்துவிட்டான். மேலே வரும்போது வலது காலை யாரோ முறுக்கியது போலப் பிடித்துக்கொண்டது. மூன்று கிழமைப் பட்டினியில் நரம்பு இழுக்காமல் என்ன செய்யும்? தலை வெளியே வந்தது. மூச்சு எடுக்க வாயைத் திறந்தான். ஈரத்துணி உள்ளே ஒட்டிக்கொண்டது. காற்று வரவில்லை. துணியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் தண்ணீர் வரும். கையைப் பிடரிக்குக் கொண்டுபோனவன் அரைக் கணம் தயங்கினான். சாவதற்கும் விழுங்குவதற்கும் இடையில் நின்று அவன் தயங்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடந்தது. தலை கீழே போயிற்று.

கரையில் செபமாலையின் நான்காம் பத்து மணியைச் சொல்லி இழுத்துக்கொண்டிருந்தார்கள். புனிதமலர் எண்ணினாள். தலை மேலே வரவில்லை. அவளுக்குக் கத்த வரவில்லை. கயிற்றின் கடைசியில் நின்ற யோகலிங்கத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். நகம் பதிந்த அடையாளம் ஒரு கிழமை இருந்ததாம். அவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய்க் கடலில் பாய்ந்தான். மற்றவர்கள் மந்திரத்தைப் பாதியில் விட்டார்கள்.

கரைக்கு இழுத்துவந்து போட்டு, கத்தியால் துணியை அறுத்து, குப்புறக் கிடத்தி முதுகை அமத்தினார்கள். தண்ணீர் வந்தது, பிறகு மூச்சு வந்தது. கண் திறந்ததும் மரியநேசன் யோகலிங்கத்தின் கையைப் பற்றினான்.

"எத்தினை மணி?"

"என்னண்ணை?"

"விழுங்கிப்போட்டன். எத்தினை மணி இப்ப?"

யோகலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. புனிதமலர் மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

புதன்கிழமை சுவாமியார் வந்தார். மரியநேசன் காய்ச்சலில் கிடந்தான். புனிதமலர் கோயிலுக்கு ஓடிப்போய், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சுவாமியார் உட்கார முன்பே அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைபூசுதல் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு மத்தேயு உபதேசியார் பின்னால் வந்தார். மரியநேசன் எழும்பி முழங்காலில் நிற்கப் பார்த்தான். சுவாமியார் தோளைப் பிடித்துப் பாயில் இருத்தினார். மற்றவர்களை வெளியே போகச் சொல்ல முதலே அவன் எல்லாவற்றையும் சொல்லிமுடித்துவிட்டான். இருபத்தாறு நாள் தொண்டைக்குள் நின்றது.

சுவாமியார் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உபதேசியார் பக்கம் திரும்பினார்.

"மாசி மாசம் ஒரு கடிதம் அனுப்பினனான். வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான், சுவாமி."

"சனத்துக்கு?"

"சனத்துக்கு இல்லை." உபதேசியார் எண்ணெய்க் குப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார். "சுவாமி வந்து விளங்கப்படுத்துவார் எண்டு அலுமாரிக்குள்ளை வைச்சனான். தண்ணியை விட்டால் நாளைக்குச் சனம் தேத்தண்ணி எண்டு கேக்கும்."

"வாசிச்சனீங்கள் எண்டு நினைச்சு நானும் சொல்லாமல் விட்டிட்டன்." சுவாமியார் மரியநேசனைப் பார்த்தார். "மகனே, தண்ணி குடிச்சால் நன்மை எடுக்கலாம். தை மாசமே பாப்பரசர் சட்டத்தை மாத்திப் போட்டார்."

"ஆனால் சுவாமி," என்றார் உபதேசியார். அவர் விடவில்லை. "கடிதத்திலை, வேறொண்டும் கலவாத தண்ணி எண்டெல்லோ கிடக்கு. கடல்தண்ணியிலை உப்புக் கலந்திருக்கு. நான் அதை யோசிச்சனான். நாலைஞ்சு தரம் வாசிச்சுப் பாத்தனான்."

சுவாமியாருக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு முகம். "கடலிலை உப்பைக் கலந்தது ஆர், உபதேசியார்?"

உபதேசியார் யோசித்தார். "ஆண்டவர்."

"அப்ப விடுங்கோ. அதோடை, நினையாமல் தொண்டைக்குள்ளை போனது எந்தக் காலத்திலையும் பாவமில்லை. ஒருசந்தியும் இவருக்குக் கடமையில்லை. கடலிலை நீந்திற மனிசன்."

ஆக, பாவம் இல்லை. சட்டமே அவன் பிழைவிட முன்பு மாறிவிட்டது. மாறாதிருந்தாலும் பிழை இல்லை. இருபத்தாறு நாளுக்கும் பதில் மூன்று வசனம். அந்த மூன்று வசனமும் கோயில் அலுமாரியிலும் சுவாமியாரின் தலையிலும் பத்திரமாக இருந்தன. மத்தேயு உபதேசியாரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல நான் தயாராக இல்லை. அவரும் பயந்தவர்தான், பயத்தைத் தவிர வேறொன்றை யாரும் அவருக்குப் படிப்பித்திருக்கவில்லை. ஆனால் சாவி நல்லவர்கள் கையில் கிடந்தாலும், திறக்காத வரைக்கும் பூட்டு பூட்டுத்தான்.

மரியநேசன் பாயில் கையை ஊன்றி நிமிர்ந்தான். பிறகு கேட்டான்:

"அப்ப சுவாமி, நான் இவ்வளவு நாளும் பயந்தது ஆருக்கு?"

சுவாமியார் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு எழும்பினார். அவரும் நேர்மையான மனிதர். பொய்யாக ஒன்றைச் சொல்லாமல் போனார்.

பெரிய வெள்ளியன்று கஞ்சிக்குப் புன்னைமுனையில் அதிகம் அரிசி கொடுத்தது மரியநேசன் வீடு. பானையைத் தூக்கிப் போனவள் புனிதமலர். அவளே ஒரு சட்டியில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து புருஷனுக்குக் கொடுத்தாள். "உங்கடை அரிசிதான். குடியுங்கோ," என்றாள்.

பாஸ்கு ஞாயிறு காலை சுவாமியாருக்கு முதற்பூசை வேறு ஊரில். புன்னைமுனைக்கு வர எட்டரை மணியாகும். ஊரே கோயில் முற்றத்தில் புது உடுப்போடு காத்திருந்தது. வெயில் ஏறியது. பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன. கடிதத்தின் செய்தி மூன்று நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. கோயில் வாசலில் மத்தேயு உபதேசியார் நின்றுகொண்டிருந்தார். நின்றார், அவ்வளவுதான்.

மரியநேசன் எழும்பினான். காய்ச்சல் விட்ட உடம்பு. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போனான். வாளி இறங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. செம்பில் ஊற்றினான். பாதி கிணற்றுக் கட்டில் சிந்தியது.

"அண்ணை, அது கடல்தண்ணி இல்லை, பயப்பிடாமல் குடி," என்றான் வேலிக்கு அப்பால் நின்ற யோகலிங்கம். யாரும் சிரிக்கவில்லை.

செம்பை வாய்க்குக் கொண்டுபோனான். வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். துப்பிவிடுவான் என்று புனிதமலர் நினைத்தாளாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். பிறகு, வானத்திலிருந்து ஏதோ வரப்போகிறது என்பவன் போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். காகம் ஒன்று கிணற்றுக் கட்டில் வந்து சிந்திய தண்ணீரைக் குடித்தது.

புனிதமலர் கிறேஸைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனாள்.

"நாக்கை நீட்டுங்கோ பாப்பம்," என்றாள். குரலில் பாதி பகிடி, பாதி அது இல்லை.

அவன் நீட்டினான். அவள் நன்றாகப் பார்த்தாள். பிள்ளையும் எட்டிப் பார்த்தது.

"கிடக்கு," என்றாள்.

அவன் கையிலிருந்த செம்பை வாங்கினாள். ஒருமுறை கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். உபதேசியார் தலையைக் குனிந்திருந்தார். மிச்சத் தண்ணீரில் பிள்ளைக்கு ஒரு வாய் பருக்கிவிட்டு, தானும் குடித்தாள். அவள் பல் செம்பில் பட்டுப்பட்டுச் சத்தம் கேட்டது.

தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு யாரோ மணி அடித்தார்கள். சனம் எழும்பியது. மரியநேசனும் புனிதமலரும் செம்பைக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்தபடி, பயந்துகொண்டேதான் உள்ளே போனார்கள்.